0.13-க்காக நின்ற பஸ்கள்!
சம்பளப் பேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர். அந்தச் சாலையில் அரசு பஸ் ஓடாவிட்டால் என்ன பாடு? 2018-ம் ஆண்டு ஜனவரியில் ஜனங்கள் அதை அனுபவித்தார்கள்.

4-ந் தேதி சென்னையில் நடந்த சம்பளப் பேச்சுவார்த்தை முறிந்தது. அன்று மாலையே தமிழ்நாடு எங்கும் வேலைநிறுத்தம் வெடித்தது. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகமும் தப்பவில்லை. வேலைக்குத் திரும்பும்படி மறுநாள் ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அப்படியும் வேலைநிறுத்தம் நீடித்தது.

தகராறு என்ன?

அடிப்படைச் சம்பளத்தை 2.57 ஆல் பெருக்கித் தரவேண்டும் என்றன தொழிற்சங்கங்கள். 2.44-க்கு மேல் முடியாது என்றது அரசு. வித்தியாசம் வெறும் 0.13!

ஆனால் பழைய அடிப்படைச் சம்பளம் 10 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 1,300 ரூபாய். கண்டக்டர் வீட்டில் அது பெரிய தொகை. லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தரவேண்டிய கஜானாவுக்கும் அது பெரிய தொகைதான்.

நிபுணர்களின் கணக்கு

“பேச்சு முறிந்தால் யாருக்கு என்ன கதி? அதைப் பொறுத்தே பங்கு அமையும்” என்பது அமெரிக்கக் கணித மேதை ஜான் நாஷ் 1950-ல் போட்ட கணக்கின் சாரம். இஸ்ரேல் நாட்டு அறிஞர் ஏரியல் ரூபின்ஸ்டைன் 1982-ல் அதில் காலத்தையும் சேர்த்தார். தாமதம் ஆக ஆக இருவருக்கும் நஷ்டம். அதிகப் பொறுமை உள்ளவருக்கே பெரிய பங்கு.

ஒருவர் பொறுமையை மற்றவர் சரியாக அறிந்திருந்தால், முதல் நாளே ஒப்பந்தம் ஆகிவிடும் என்கிறது அந்தக் கணக்கு. பின் வேலைநிறுத்தம் ஏன்? எதிராளி எத்தனை நாள் தாங்குவான் என்பது தெரிவதில்லை. அதை அளந்து பார்க்கும் தராசுதான் வேலைநிறுத்தம்!

மூன்றாவது ஆள்

நிபுணர்களின் மேஜையில் இரண்டே நாற்காலிகள். மூட்டையோடு பஸ் நிலையத்தில் காத்து நிற்கும் பயணிக்கு அங்கே இடம் இல்லை. ஆனால் அவருடைய பொங்கல் பயணம்தான் இரு தரப்பையும் நெருக்கியது.

11-ந் தேதி, ஓய்வுபெற்ற நீதிபதி பத்மநாபனை மத்தியஸ்தராக ஐகோர்ட்டு நியமித்தது. அன்றிரவே வேலைநிறுத்தம் வாபஸ் ஆனது. 0.13 தகராறு மத்தியஸ்தரிடம் போயிற்று. பஸ்கள் சாலைக்கு வந்தன.

மத்தியஸ்தர் வந்தது எட்டாவது நாள். முதல் நாளே வந்திருந்தால், பேரம் மேஜையிலேயே நடந்திருக்கும். பயணி பொங்கலுக்கு நிம்மதியாக ஊர் போயிருப்பார்!