அம்மம்மாவுக்கு ஒரு கணக்கு, பேரனுக்கு ஒரு கணக்கு

தெல்லிப்பழைப் பக்கத்து வீடுகளில் பழைய சீலைத்துண்டால் மூடிவைத்த மேசைக் கணினி ஒன்றைக் காண்பது புதினமல்ல. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனதாயிருக்கும். விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடுவதென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புக் கூறு வேண்டும். இன்டெல் செயலி என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோவாக இருக்க வேண்டும். அதனால் நல்லாய் ஓடுகிற பெட்டியையும் "இது சரிவராது, புதிசு எடுங்கோ" என்று தள்ளிவிடுகிறார்கள்.

தள்ளத் தேவையில்லை. லினக்ஸ் மின்ட் என்ற இலவசத் திறமூல இயங்குதளம் 2 ஜிபி நினைவகத்திலும் ஓடும். 4 இருந்தால் வசதி. அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை இற்றைப்படுத்தல் கிடைக்கும். பென் ட்ரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் முதலில் ஓட்டிப் பார்க்கலாம். அச்சுப்பொறி வேலை செய்கிறதா என்று அப்போதே பாருங்கள். தலையிடி தருவது பெரும்பாலும் அதுதான்.

நிறுவுவது அரைமணி வேலை. வீட்டுக்காரருக்கு ஏற்றபடி ஒழுங்குபண்ணுவதுதான் உண்மையான வேலை. எல்லாரும் ஒரே கணக்கில் புழங்கினால், பேரன் விளையாட்டுக்காக மாற்றிய திரையில் அம்மம்மா தன் படங்களைத் தேடித் திரிவார். ஆளுக்கொரு கணக்குத் திறந்தால் எழுத்தின் அளவு, மொழி, கோப்புகள் எல்லாம் அவரவருக்குத் தனி. அம்மம்மாவின் திரையில் மூன்றே படக்குறிகள் போதும்: உலாவி, படங்கள், கனடாவோடு கதைக்கிற காணொளி அழைப்பு. அவருக்குத் தமிழ் இடைமுகம் உதவும். கந்தோரில் ஆங்கிலத்திலேயே பழகிய ஐயாவிடம் "கோப்பு", "தொகு" என்று திணிக்க வேண்டாம். அவர் கோபப்படுவார், நியாயமாகவே.

தட்டச்சுக்கு ரங்கநாதன், தமிழ்99, ஒலியியல் விசைப்பலகைகள் எல்லாம் உண்டு. ஆனால் கோவில் மலருக்கும் கல்வெட்டுக்கும் பாமினியில் அடித்த பழைய கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். எழுத்துருவைப் போட்டுக்கொள்ளலாம். நாளைக்கும் தேவைப்படும் கோப்பென்றால் யுனிகோடுக்கு மாற்றிவிடுவதே புத்தி.

மென்பொருள் நிறுவும் அதிகாரம் ஒரு கணக்குக்கு மட்டும் இருக்கட்டும். மற்றவை சாதாரணக் கணக்குகள். தவறி எதை அமத்தினாலும் இயங்குதளம் குலையாது. அப்படியும் குலைந்தால் டைம்ஷிஃப்ட் என்ற கருவி முந்தைய நிலைக்குத் திருப்பும். அது வழமையாகச் சேமிப்பது இயங்குதளத்தை மட்டுந்தான். கலியாணப் படங்களை வேறொரு வன்தட்டிலும் பிரதிபண்ணி வையுங்கள். இற்றைப்படுத்தும் நடுவில் கரண்ட் போனால் வில்லங்கம், ஆகவே ஒரு யு.பி.எஸ். வாங்குவது வீண்செலவல்ல.

நிர்வாகக் கடவுச்சொல்லை ரொறன்ரோவிலுள்ள மகன் மட்டும் மனதில் வைத்திருக்கக் கூடாது. இங்கே காலை எட்டு மணிக்குப் பிரச்சினை வரும்போது அங்கே அவர் படுக்கைக்குப் போகிற நேரம். ஒரு கொப்பியில் எழுதி, காணி உறுதி இருக்கிற அலுமாரிக்குள் வையுங்கள்.