ஃபேன் சத்தமும் ஆந்தைச் சிறகும்!

சித்திரை மாத மதுரை. இரவு பதினோரு மணியாகியும் மொட்டைமாடிச் சூடு அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஃபேனை ஐந்தில் வைத்தால் 'விர்ர்...' என்று சத்தம். குறைத்தால் வியர்வை! "இந்தச் சத்தத்துல எப்படிப்பா தூங்குறது?" என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களும் புலம்புகிறார்களா?

புலம்பலில் நியாயம் இருக்கிறது. படுக்கையறையில் தொடர்ந்து கேட்கும் சத்தம் 30 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் சோர்வு, எரிச்சல், கவனக்குறைவு... எல்லாம் வரிசையாக வரும்.

சரி, இந்த 'விர்ர்' எங்கிருந்து வருகிறது? மோட்டாரிலிருந்து என்றுதானே நினைக்கிறீர்கள்? வேகமாகச் சுற்றும்போது பெரும்பங்கு காற்றுடையதுதான்! சீராக வரும் காற்றை ஃபேன் இறக்கை அதிகச் சத்தமில்லாமல் கடந்துவிடும். சுழித்துக் கலங்கி வரும் காற்றோ, இறக்கையின் முன்விளிம்பில் வந்து மோதும். மோதும் இடத்தில் அழுத்தம் ஏறி இறங்கும். அதுதான் சத்தமாகக் காதில் விழுகிறது.

இதை வென்ற பறவை ஒன்று உண்டு. நம் நெல்வயல்களில் எலி பிடிக்கும் ஆந்தைதான் அது! அதன் சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் போன்ற அமைப்பு, பின்விளிம்பில் குஞ்சம், மேலே வெல்வெட் போன்ற மென்மை. 1934-லேயே கிரஹாம் என்ற ஆங்கிலேயர் இந்த மூன்றையும் குறித்து எழுதிவிட்டார்.

இப்போது விஞ்ஞானிகள் இன்னொரு வழியையும் சோதிக்கிறார்கள். இறக்கையின் முன்விளிம்பை ஸ்பாஞ்சு மாதிரி நுண்துளைகளோடு செய்வது! காற்றில் ஒரு பங்கு துளைக்குள் புகுந்துவிட, மோதலின் வேகம் தணிகிறது. தேனிப் பக்கம் நீங்கள் பார்த்திருக்கும் காற்றாலைகளுக்கும், விமானங்களுக்கும் இது உதவலாம். ஆனால் துளை கூடினால் இறக்கையின் திறன் குறையும், தூசியும் அடைக்கும். ஆகவே, டிரில்லிங் மெஷினைத் தேடாதீர்கள்!

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை இவை:

* டேபிள் ஃபேனைச் சுவரையோ திரைச்சீலையையோ ஒட்டி வைக்காதீர்கள். பின்னால் இடம் விட்டால் காற்று கலங்காமல் வரும்.

* மெயினை அணைத்துவிட்டு, இறக்கை விளிம்பில் படிந்த அழுக்கை ஈரத்துணியால் துடையுங்கள். இறக்கையை வளைத்துவிடாதீர்கள்.

* வேகத்தைக் குறையுங்கள். வேகம் பாதியானால் காற்றின் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். வெயில் தாழ்ந்ததும் ஜன்னல்களைத் திறந்து வைத்தால், குறைந்த வேகமே போதுமாக இருக்கும்.

* 'டக் டக்' என்றால் ஸ்குரூ தளர்ந்திருக்கலாம். 'ம்ம்ம்' என்று முனகினால் மோட்டாரோ ரெகுலேட்டரோ காரணமாக இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இத்தனை செய்தும் வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லையா? அப்போது பழியை ஃபேன் மேல் போடாமல் டாக்டரைப் பாருங்கள்!