மரத்தளத்தில் கல் பதிக்கலாமா?

பினாங்கு ஜார்ஜ்டவுனிலும் மலாக்காவிலும் பழைய கடைவீடுகளைப் புதுப்பிக்கும் சிலர், மேல்மாடியில் குளியலறை அமைத்து அதில் கருங்கல்லோ பளிங்கோ பதிக்க விரும்புகின்றனர். ஆனால், அவ்வீடுகள் பலவற்றின் மேல்தளம் கான்கிரீட் அல்ல. மரச்சட்டங்களின் மேல் பலகை அடித்தது. "இத்தனை ஆண்டுகள் நின்ற தளம் நாலு கல்லைத் தாங்காதா?" என்ற கேள்வி எழுவது இயல்பே.

தாங்கக்கூடும். ஆனால், தாங்குவது வேறு, வளையாமல் இருப்பது வேறு. ஆள் நடந்தால் மரம் சிறிது வளைந்து நிமிரும். கல் வளையாது, விரிசல் விடும். அந்த விரிசல் வழியே இறங்கும் நீர் மரத்தை உளுத்துப்போகச் செய்யும், கறையானையும் அழைத்து வரும்.

முதலில் எடையைக் கணக்கிட வேண்டும். 20 மில்லிமீட்டர் தடிப்புள்ள கருங்கல், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 54 கிலோ. அதன்கீழ் 40 மில்லிமீட்டர் சிமெண்டுச் சாந்து போட்டால் மேலும் 80 கிலோ. 3.6 சதுர மீட்டர் குளியலறைக்கு மொத்தம் 480 கிலோவுக்கும் மேல். 10 மில்லிமீட்டர் கல்லை மெல்லிய பசைச்சாந்தில் ஒட்டினால் கல்லின் எடை 100 கிலோவுக்குள் அடங்கிவிடும்.

அடுத்தது வளைவு. சாதாரண டைல்ஸுக்குச் சட்ட நீளத்தில் 360இல் ஒரு பங்கும், இயற்கைக் கல்லுக்கு 720இல் ஒரு பங்கும் வளையலாம் என்பது வட அமெரிக்கத் தொழில்துறையினர் பின்பற்றும் அளவு. 3.6 மீட்டர் நீளச் சட்டம் என்றால், கல்லுக்கு 5 மில்லிமீட்டர்தான் எல்லை. பழைய சட்டம் அதற்கு மேல் வளைந்தால், பக்கத்தில் புதுச்சட்டம் சேர்த்து இறுக்க வேண்டும். இதைப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்வதே பாதுகாப்பு.

பிறகு பலகையைப் பெயர்த்து, சட்டங்களைக் கூர்முனையால் குத்திப் பார்க்க வேண்டும். முனை எளிதில் இறங்கினால் அம்மரம் உளுத்துவிட்டது, மாற்றியாக வேண்டும். சட்டங்கள் உறுதியானபின், நீர் தாங்கும் ஒட்டுப்பலகையை இரண்டு அடுக்காக, மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி திருகாணியால் இறுக்க வேண்டும். அதன்மேல் பசைச்சாந்து பூசிச் சிமெண்டுப் பலகை; அதற்கும் மேல் நீர்க்காப்புப் படலம். இப்படலம் சுவரிலும் குறைந்தது 150 மில்லிமீட்டர் ஏறியிருக்க வேண்டும். தரை வடிகாலை நோக்கிச் சரிய வேண்டும்.

கல் பதிக்கும் முன் வடிகாலை அடைத்து, 24 மணி நேரம் நீரைத் தேக்கிப் பார்ப்பது மிக அவசியம். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தால் அப்போதே சரிசெய்யலாம். கல் பதித்தபின் தெரிந்தால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டிவரும்.

ஜார்ஜ்டவுன், மலாக்கா நகரங்களின் பழைய பகுதிகள் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. அங்கு மாநகர் மன்ற அனுமதியின்றி வேலையைத் தொடங்கக் கூடாது.

குத்தகையாளரிடம் முன்பணம் கொடுக்குமுன் மூன்று கேள்விகள் போதும்: சட்டம் எவ்வளவு வளையும்? கல்லும் சாந்தும் எத்தனை கிலோ? நீர்த்தேக்கச் சோதனை என்று? இவற்றுக்குப் பதில் இல்லையென்றால், கல் வாங்குவதைத் தள்ளிப்போடுவதே நல்லது.