இருதயத்தை நிறுத்தி மூளையைக் காத்தல்

இருதயத்தினின்று புறப்படும் இரத்தம் முதலில் பாய்வது பெருந்தமனி என்னும் குழாயிலாகும். அது மேலெழுந்து, குடையின் கைப்பிடியைப் போல் வளைந்து, பின் கீழிறங்குகின்றது. அவ்வளைவினின்று பிரியும் மூன்று கிளைகளே தலைக்கும் கைகளுக்கும் இரத்தம் கொண்டு செல்வன. உயர்ந்த இரத்த அழுத்தம், புகைப் பழக்கம், பரம்பரைக் கோளாறு ஆகியவற்றால் குழாயின் சுவர் நலிந்து, பலூன்போல் உப்புவதுண்டு. அது வெடிப்பின் உயிர் பிழைப்பது அரிது. ஆதலின், வெடிக்குமுன் நோயுற்ற பகுதியை அகற்றிச் செயற்கைக் குழாயைப் பொருத்துகின்றனர்.

அங்ஙனம் வெட்டித் தைக்கும்போது அவ்விடத்தில் இரத்தம் ஓடலாகாது. ஓட்டம் நின்றாலோ இருதயத்துக்கும் மூளைக்கும் கேடு. இவ்விரண்டையும் காப்பது எவ்வாறு?

இருதயத்தைக் காப்பது சற்று எளிது. இருதய-நுரையீரல் இயந்திரம் உடலுக்கு இரத்தம் அளிக்கும் பொறுப்பை ஏற்றபின், பொட்டாசியம் மிகுந்த குளிர்ந்த கரைசலை இருதயத் தசையின் குழாய்களில் செலுத்துவர். இருதயம் துடிப்பை நிறுத்தி ஓய்வு கொள்ளும். ஓய்ந்த தசைக்குச் சிறிதளவு பிராணவாயுவே போதும்.

மூளை அத்தகையதன்று. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கேயான அது, உடல் கொள்ளும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை உண்கின்றது. நாலைந்து நிமிடம் இரத்தமின்றேல் அதன் அணுக்கள் மடியத் தொடங்கும். வளைவைத் தைக்கவோ அரைமணி நேரமும் ஆகலாம்.

இதற்கு வழி காட்டியது குளிர்ச்சியே. உடல் குளிர்ந்தால் பிராணவாயுவின் தேவை குறையுமென, 1950இல் கனடாவின் வில்பிரெட் பிகலோ நாய்களிடம் செய்த சோதனையால் காட்டினார். 1952இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜான் லூயிஸ், குளிர்வித்த ஐந்து வயதுச் சிறுமியின் இருதயத் துளையைத் தைத்து மூடினார். 1975இல் ராண்டல் கிரீப், உடலை மிகவும் குளிர்வித்து, இரத்த ஓட்டத்தை நிறுத்தி, பெருந்தமனி வளைவையே மாற்றிய அனுபவத்தை வெளியிட்டார். 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் உஷ்ணநிலையில் ஏறத்தாழ அரைமணி நேரம் மூளை தாங்கும்.

அதற்கும் மேற்பட்ட நேரம் வேண்டின் என் செய்வது? வலப்புறத் தோளடித் தமனி வழியாகவோ கழுத்துத் தமனிகள் வழியாகவோ மூளைக்கு மட்டும் குளிர்ந்த இரத்தத்தை அனுப்புகின்றனர். இம்முறையில் உடலை அவ்வளவு குளிர்விக்க வேண்டுவதில்லை.

வேலை முடிந்ததும் உடலை மெல்லமெல்லவே சூடேற்ற வேண்டும்; அவசரம் மூளைக்கு ஆகாது. இருதயம் மீண்டும் துடிப்பதை அறுவைக் கூடத்திலேயே காணலாம். மூளை பிழைத்ததோ, நோயாளி கண்விழித்துத் தம் மக்களைப் பெயர் சொல்லி அழைக்கும்போதுதான் தெரியவரும்.