அடுப்பேற வேண்டிய பழம்: வீட்டுத் தோட்டத்தில் எல்டர்பெர்ரி

1983 ஆகஸ்ட் மாத இறுதி. கலிபோர்னியாவின் மான்டரே பகுதியில், ஊரை விட்டு ஒதுங்கிய ஓர் இடத்தில் 25 பேர் கூடியிருந்தார்கள். அக்கம்பக்கத்தில் காய்த்துக் கிடந்த எல்டர்பெர்ரிப் பழங்களை முன்கூட்டியே பறித்து, இலையும் கிளையும் கலந்தபடியே நசுக்கிச் சாறு பிழிந்து வைத்திருந்தார்கள். குடித்த கால் மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் தொடங்கின. 11 பேருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அவர்களில் எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஐந்து கிளாஸ் குடித்த ஒருவரை மருத்துவமனையிலேயே தங்கவைத்தார்கள். நல்லவேளையாக எல்லோரும் தேறிவிட்டார்கள்.

அதே வட அமெரிக்காவில், ஆண்டுதோறும் இலையுதிர்காலம் நெருங்கும்போது பல வீடுகளில் எல்டர்பெர்ரி ஜாமும் சிரப்பும் காய்ச்சுகிறார்கள். குழந்தைகளும் பெரியவர்களும் சாப்பிடுகிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. பழுத்த பழத்தை மட்டும் ஆய்ந்தெடுப்பதும், அதை அடுப்பில் ஏற்றுவதும்தான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

மண்ணின் செடி

அமெரிக்க எல்டர்பெர்ரி, கனடாவின் நோவா ஸ்கோஷியா தொடங்கி தெற்கே புளோரிடா வரை ஓடைக்கரைகளிலும் வேலியோரங்களிலும் தானாக வளரும் புதர்ச்செடி. இரண்டு முதல் நான்கு மீட்டர் வரை உயரும். கோடையின் தொடக்கத்தில் தட்டுப் போல விரிந்த வெள்ளைப் பூங்கொத்துகள் வரும். ஆகஸ்ட், செப்டம்பரில் அதே கொத்துகள் கருநீலப் பழங்களின் பாரத்தால் தலைகவிழ்ந்து நிற்கும்.

மேற்குக் கரையில் வளர்வது நீல எல்டர்பெர்ரி. அதன் தண்டுக்குள் இருக்கும் மென்மையான தக்கையைக் குடைந்தெடுத்து, கலிபோர்னியாவின் பழங்குடிகள் புல்லாங்குழலும் தாளக்கோலும் செய்தார்கள். கலிபோர்னியாவின் நடுச் சமவெளியில் வாழும் ஒரு நீள்கொம்பு வண்டுக்கு எல்டர்பெர்ரியைத் தவிர வேறு புகலிடமே கிடையாது. 1980 முதல் அந்த வண்டு அழியும் அபாயத்தில் உள்ள உயிரினமாகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. சொந்த மண்ணின் செடியை முற்றத்தில் வைப்பவர்கள் பறவைக்கும் பூச்சிக்கும் சேர்த்தே இடம் கொடுக்கிறார்கள்.

நஞ்சு எங்கே இருக்கிறது?

இலை, தண்டு, வேர், பச்சைக் காய், விதை ஆகியவற்றில் சயனைடை உண்டாக்கும் சேர்மங்கள் இருக்கின்றன. நசுக்கும்போதும் மெல்லும்போதும் அவை உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். பழுத்த பழத்தின் சதையில் இது மிகக் குறைவு. ஆனாலும் பச்சையாகத் தின்றால் பலருக்கு வயிற்றைப் புரட்டும்.

தமிழர்களுக்கு இது புரியாத கதையல்ல. மரவள்ளிக் கிழங்கில் இருப்பதும் இதே குடும்பத்து நஞ்சுதான். கிழங்கைத் தோல் சீவி, மூடியைத் திறந்துவைத்து அவித்து, தண்ணீரை வடித்துக் கொட்டும் வழக்கம் அதனால் வந்தது. ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகக் கூடியது. திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் வெளியேறிவிடும். டொரண்டோவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு எல்டர்பெர்ரி பக்கத்து ஓடைக்கரைச் செடி. மரவள்ளி அவித்துப் பழகிய கைகளுக்கு இதன் பக்குவமும் எளிதில் பிடிபடும்.

தண்டிலும் இந்த நஞ்சு இருப்பதால், அதைக் குடைந்து ஊதுகுழல் செய்து பிள்ளைகள் வாயில் வைப்பது மட்டும் கூடவே கூடாது.

அடையாளம் தவறினால் ஆபத்து

காட்டில் பறிப்பவர்கள் இரண்டு செடிகளைக் கண்டு ஏமாறுகிறார்கள். வாட்டர் ஹெம்லாக் செடியின் வெள்ளைப் பூக்கொத்து எல்டர்பெர்ரிப் பூவை ஒத்திருக்கும். அது உயிரையே பறிக்கும் நஞ்சு. போக்வீட் செடியின் கரும்பழங்களும் நஞ்சுதான்.

எல்டர்பெர்ரியின் பழைய தண்டு மரம்போலக் கெட்டிப்பட்டிருக்கும். ஒவ்வொரு கணுவிலும் கூட்டிலைகள் இரண்டு எதிரெதிராக அமைந்திருக்கும். மற்ற இரண்டிலும் இலைகள் மாறிமாறி வரும். போக்வீட்டின் தண்டு செக்கச்செவேலென்று இருக்கும், பழம் நீளச் சரமாகத் தொங்கும். செந்நிறப் பழம் தரும் எல்டர்பெர்ரி வகையில் நஞ்சு அதிகம் என்பதால் அதை விட்டுவிடுவதே நல்லது. பெயர் தெரிந்த நாற்றை நாற்றுப்பண்ணையில் வாங்கி வீட்டில் வளர்த்தால் இந்தக் குழப்பமே இல்லை.

நடுவதும் வளர்ப்பதும்

நல்ல வெயில், ஈரம் காக்கும் மண், தண்ணீர் தேங்காத வடிகால் மூன்றும் இருந்தால் போதும். சற்றே அமிலத்தன்மையுள்ள மண் இதற்குப் பிடிக்கும். செடிக்குச் செடி இரண்டு மீட்டர் இடைவெளி விடலாம். ஒரே செடியும் காய்க்கும். ஆனால் ‘யார்க்’, ‘நோவா’ போல இரண்டு ரகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மகரந்தம் கலந்து விளைச்சல் கூடும். மிசௌரியில் காட்டுச் செடியிலிருந்து தேர்ந்தெடுத்த ‘பாப் கோர்டன்’ ரகமும் அங்கே பரவலாக நடப்படுகிறது.

நாற்று வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. குளிர்காலக் கடைசியில், மொட்டு விடும் முன், பென்சில் பருமனுள்ள போத்துகளை இரண்டு மூன்று கணுக்களோடு வெட்டி ஈரமண்ணில் ஊன்றினால் வேர்விட்டுவிடும்.

வேர்கள் மேலாகவே ஓடுவதால் மண்வெட்டி போட்டுக் கொத்தக் கூடாது. மரத்தூளோ வைக்கோலோ மூடாக்காகப் பரப்பினால் களையும் அடங்கும், ஈரமும் நிற்கும். முதல் ஆண்டில் வரும் பூவைக் கிள்ளிவிட்டால் செடி வேர்பிடித்து நிமிரும். மூன்று வயதைத் தாண்டிய தண்டுகளைக் குளிர்காலக் கடைசியில் அடியோடு கவாத்து செய்ய வேண்டும். மூன்றாம், நான்காம் ஆண்டிலிருந்து நிறையக் காய்க்கும். பழுக்கும் நேரத்தில் வலை கட்டாவிட்டால் பறவைகள் முந்திக்கொள்ளும்.

பறித்தலும் காய்ச்சுதலும்

கொத்து முழுவதும் கறுத்த பிறகே அறுக்க வேண்டும். கொத்தோடு ஃப்ரீசரில் வைத்து உறையவிட்டுக் கையால் உதிர்த்தால் பழம் எளிதாகக் கழன்றுவரும். ஒட்டிக்கொண்டிருக்கும் காம்புகளைப் பொறுமையாகப் பொறுக்கி எறிய வேண்டும். தண்ணீரில் போட்டால் பச்சைக் காய்களும் குப்பையும் மிதக்கும்.

ஒரு கப் பழத்துக்கு இரண்டு கப் தண்ணீர் ஊற்றி, மூடி போடாமல் கொதிக்கவைத்து, தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம் விட்டு, துணியில் வடிகட்டி விதையை எறிந்துவிடலாம். சற்று ஆறியதும் தேனோ சர்க்கரையோ கலந்தால் சிரப். இந்தப் பழத்தின் புளிப்பு குறைவு. புட்டியில் அடைத்து வெளியே வைத்தால் பாட்டுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்புண்டு. ஆகவே சில நாட்களுக்குத் தேவையானதை மட்டும் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு, மீதியை ஃப்ரீசரில் உறையவைப்பதே பாதுகாப்பு.

சளிக்கு மருந்தா?

100 கிராம் பழத்தில் ஏறக்குறைய 36 மில்லிகிராம் வைட்டமின் சியும் 7 கிராம் நார்ச்சத்தும் உண்டு. கருநீல நிறத்தைத் தரும் ஆந்தோசயனின்களும் நிறைந்திருக்கின்றன. ஆனால் காய்ச்சும்போது வைட்டமின் சியில் ஒரு பங்கு போய்விடும். வடிகட்டினால் நார்ச்சத்தின் பெரும்பகுதி துணியிலேயே தங்கிவிடும்.

நார்வேயில் ஃப்ளூ கண்ட 60 பேரிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், சிரப் குடித்தவர்கள் சராசரியாக நான்கு நாள் முன்னதாகத் தேறினார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிநாடு பறந்த 312 பயணிகளை வைத்து நடத்திய ஆய்வு 2016இல் வந்தது. சளி பிடித்தவர்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. பிடித்தவர்களுக்குச் சீக்கிரம் விட்டது. 2020இல் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் 87 ஃப்ளூ நோயாளிகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்விலோ பலன் எதுவும் தெரியவில்லை. மூன்றுமே சிறிய ஆய்வுகள். அவற்றில் பயன்பட்டது ஐரோப்பிய எல்டர்பெர்ரி. தோட்டத்துச் சிரப்பைச் சுவையான உணவாகக் குடிக்கலாம். ஃப்ளூ தடுப்பூசிக்கும் மருத்துவர் தரும் மாத்திரைக்கும் அதை மாற்றாகக் கொள்ளக் கூடாது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் சிரப்பின் இனிப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த சிரப் ஒரு துளிகூடக் கொடுக்கக் கூடாது.

பச்சைக் காயையோ இலையையோ யாராவது தின்று குமட்டல், வாந்தி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் தாமதிக்கக் கூடாது. நஞ்சு உதவி மையத்துக்கு அமெரிக்காவில் 1-800-222-1222, கனடாவில் 1-844-764-7669 என்ற எண்களில் எந்நேரமும் அழைக்கலாம். செடி நடும் அன்றே இந்த எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்துவிடுவது நல்லது.