தொடாமலே நடுங்கும் பிளஞ்சர்

பின்பால் விளையாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடி மூடிய சரிவான மேசையில் எஃகுக் குண்டு ஒன்று உருண்டோடும். அது கீழே விழுந்துவிடாமல், ஃபிளிப்பர் எனப்படும் இரண்டு துடுப்புகளால் அடித்து அடித்து மேலே அனுப்ப வேண்டும். ஃபிளிப்பர் முதன்முதலில் வந்தது 1947இல், அமெரிக்காவின் சிகாகோவில் இருந்த காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’ எந்திரத்தில்.

இன்று இந்த விளையாட்டைப் பலர் வீட்டிலேயே கட்டுகிறார்கள். ஒரு மரப்பெட்டி, மேலே படுக்கவைத்த டிவி, உள்ளே கணினி. குண்டு திரையில் ஓடும் வெறும் படம்தான். ஆனால் குண்டைச் செலுத்த நாம் பிடித்து இழுக்கும் ஸ்பிரிங் கம்பி நிஜமானது. அதற்குப் பெயர் பிளஞ்சர்.

பிளஞ்சரை எவ்வளவு தூரம் இழுத்தோம் என்று கணினிக்குச் சொல்வது ஒரு சென்சார். பாட்டுக் கச்சேரி மிக்ஸரில் மேலும் கீழும் தள்ளுவார்களே, அந்தச் சறுக்கு பொட்டென்ஷியோமீட்டரையே இதற்கும் பயன்படுத்தலாம். அதன் சறுக்கும் பகுதி 100 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனையில் 0 வோல்ட், மறுமுனையில் 3.3 வோல்ட் கொடுத்தால், பிளஞ்சர் ஒரு மி.மீ. நகரும்போது வெளிவரும் மின்னழுத்தம் 33 மில்லிவோல்ட் மாறும். அதை அளந்து எண்ணாக்கிக் கணினிக்கு அனுப்ப, கே.எல்.25இசட் போன்ற உள்ளங்கையளவு போர்டு போதும். அது 3.3 வோல்ட்டை 65,536 படிகளாகப் பிரித்து அளக்கக்கூடியது.

இவ்வளவு கூர்மையாக அளப்பதால்தான் ஒரு சங்கடம். யாரும் தொடாமலே திரையில் பிளஞ்சர் நடுங்கும். ஃபிளிப்பர் அடிக்கும்போது சட்டென்று துள்ளும். நமக்கு வேண்டிய சிக்னலோடு வேண்டாத மின்னழுத்தமும் கலந்துவிடுகிறது. இதுதான் மின் இரைச்சல். பலர் உடனே புரோகிராமில் ஏதாவது செய்து இதை மறைக்கப் பார்ப்பார்கள். அதற்கு முன் இரைச்சல் எங்கே பிறக்கிறது, எந்த வழியாக நுழைகிறது என்று தேட வேண்டும் என்பேன்.

பிறக்கும் இடம் பெரும்பாலும் சாலினாய்டு. ஃபிளிப்பர் அடிக்கும்போது ‘டக்’ என்ற நிஜ அதிர்வு கைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பெட்டிக்குள் வைக்கும் கம்பிச்சுருள் காந்தம் அது. ஓடும் பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் முன்னால் சாய்கிறார்கள் அல்லவா? சுருளில் ஓடும் மின்னோட்டமும் சட்டென்று நிற்க மறுக்கும். 24 வோல்ட்டில் வேலை செய்யும் சுருள், சுவிட்ச் அணையும் கணத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட்டை எழுப்பிவிடும். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இதற்குக் காரணம். மருந்து சின்னது: மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 என்ற டயோடு. கறுப்பு உடலில் வெள்ளிக்கோடு போட்டிருக்கும். கோடுள்ள கால் பிளஸ் பக்கம் வருமாறு சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைத்தால், நிற்க மறுக்கும் மின்னோட்டம் அந்தச் சிறு பாதையிலேயே சுற்றி அடங்கிவிடும். திருப்பிப் போட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். ஆகவே மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவரோடு சேர்ந்துதான் இதைச் செய்ய வேண்டும்.

அடுத்து, இரைச்சல் வரும் வழி. சென்சாரின் மின்னோட்டமும் சாலினாய்டின் மின்னோட்டமும் கிரவுண்டு எனப்படும் ஒரே கறுப்பு வயர் வழியாகத் திரும்பினால் என்ன ஆகும்? அந்த வயரின் மின்தடை வெறும் 0.05 ஓம் என்றே வைப்போம். சாலினாய்டு 2 ஆம்பியர் இழுத்தால் வயரில் 0.1 வோல்ட் எழும். நம் கணக்கில் அது 3 மி.மீ.! பிளஞ்சர் அசையவே இல்லை, திரையில் 3 மி.மீ. நகர்ந்துவிட்டது. அதனால் சென்சாருக்குத் தனி கிரவுண்டு வயர் வேண்டும். சென்சார் வயர்களைச் சாலினாய்டு வயர்களிலிருந்து விலக்கி, ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோக வேண்டும். முறுக்கும்போது பக்கத்துப் பக்கத்து வளையங்களில் தூண்டப்படும் மின்னழுத்தங்கள் எதிரெதிராக அமைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 1881இலேயே அலெக்சாண்டர் கிரகாம் பெல் டெலிபோன் வயர்களுக்குக் கண்டுபிடித்த உத்தி இது.

இதையும் மீறி வரும் வேகமான துள்ளல்களுக்கு, போர்டின் உள்ளீட்டுக் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ‘104’ என்று அச்சிட்ட சின்னக் கெப்பாசிட்டரை வைக்கலாம். 10க்குப் பின் 4 சுழி, ஆக 1,00,000 பிகோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரின் நடுப்பகுதியில் இது உண்டாக்கும் தாமதம் சுமார் கால் மில்லிநொடி. பெரிதாகப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று 100 மைக்ரோஃபாரட் போட்டால் தாமதம் கால் நொடியாகிவிடும்! கையை விட்ட பிளஞ்சர் சில பத்து மில்லிநொடிகளில் முன்னால் பாய்ந்துவிடும். அந்தப் பாய்ச்சலையே கெப்பாசிட்டர் விழுங்கிவிட்டால் திரையில் குண்டு சோம்பலாகத்தான் கிளம்பும்.

கடைசியில்தான் புரோகிராம். ஒழுங்கில்லாத சிறு நடுக்கத்துக்குச் சராசரி நல்லது: 16 அளவுகளின் சராசரி எடுத்தால் நடுக்கம் கால் பங்காகும். ஆனால் 500, 501, 499, 4000, 500 என்று வந்தால்? சராசரி 1200, உண்மைக்குப் பக்கத்திலேயே இல்லை. வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுத்துப் பாருங்கள், 500.

இந்தப் பெட்டிகளில் இன்னொரு சென்சாரும் உண்டு. பெட்டியைத் தட்டினால் திரையில் குண்டும் அசைய வேண்டுமே, அதற்காகப் போர்டிலேயே இருக்கும் முடுக்கமானி. சாலினாய்டு அடிக்கும்போது அதுவும் துள்ளினால் மின் இரைச்சல்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மரம் நிஜமாகவே அதிர்ந்திருக்கலாம். அப்படியானால் சென்சார் சரியாகத்தான் அளந்திருக்கிறது. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வயர்களைக் கழற்றாமல் போர்டை மட்டும் பெட்டிக்கு வெளியே எடுத்து, ஒரு தலையணை மேல் வையுங்கள். இப்போதும் துள்ளினால் அது வயர் வழியாக வருகிறது. துள்ளல் நின்றுவிட்டால் அது மரத்தின் வழியாக வந்த அதிர்வு. அதற்குக் கெப்பாசிட்டர் உதவாது, சாலினாய்டுக்கு அடியில் ரப்பர் வையுங்கள்.