பாசறைக்குப் பணமா, ஆளா?

சாரணர் பாசறை என்றதும் பணக்கணக்கே முன்வரும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் அரிசியும் பஸ் கட்டணமும் எங்கள் சித்தாண்டி ஊர்ப் பெற்றோரின் கையைக் கடிப்பது மெய்தான். ஆனால் 1907இல் சாரணிய நிறுவனர் பேடன் பவல் பிரவுன்சி தீவில் நடத்திய முதற்பாசறை சுமார் 20 சிறுவர்களோடு முடிந்தது; சிறிதாகவும் நடத்தலாம். அரிசியை ஊரில் தண்டலாம், மூன்று இரவு பிள்ளைகளோடு விழித்திருக்கும் பயிற்சி பெற்ற ஆளைத் தண்ட முடியாது. 1912இல் மாத்தளையில் தொடங்கிய இலங்கைச் சாரணியம் பெரும்பாலும் சம்பளமில்லாத ஆசிரியர்களையே நம்பியிருக்கிறது. அப்படியொரு ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தால் அணியும் தளர்கிறது. உதவிக்கு இன்னொருவரைப் பழக்குவதே முதற்செலவாக வேண்டும்.

பாசறை எதற்கு, லீவில் ரியூஷன் போதாதா என்பார்கள். மாரியில் வெள்ளம் புகும் ஊரில் கயிற்று முடிச்சும் முதலுதவியும் எந்த ரியூஷனில் கிடைக்கும்?